அரித்தா: ஒரு மலையைத் தட்டுகளாக்கிய ஊர் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் ஜப்பானின் கியூஷூ தீவில் இருக்கும் அரித்தா என்ற சிற்றூரைப் பற்றியும், அங்கே தலைமுறை தலைமுறையாகப் பீங்கான் செய்யும் குடும்பங்களைப் பற்றியும் சுருக்கமாக எழுதியிருந்தேன். ஃபுகுவோகாவில் வேலை பார்த்த வருஷங்களில், விடுமுறை கிடைத்தால் நான் ரயிலேறிப் போய் இறங்கும் ஊர் அது. கட்டுரையைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வரைபடத்தில் தேடினேன். நாகசாகி, சாகா, இமாரி என்ற பெயர்கள்தான் கண்ணில் படுகின்றன. அரித்தா சரியாக எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

கியூஷூவின் வடமேற்கு மூலையைப் பாருங்கள். சாகா மாகாணத்தின் மேற்கு ஓரத்தில், நாகசாகி மாகாணத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. ஃபுகுவோகா நகரத்தின் ஹகாட்டா நிலையத்தில் சசேபோ போகும் விரைவு ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். மக்கள்தொகை 19,000 அளவில்தான். 2006-ல் பக்கத்து ஊரான நிஷி-அரித்தாவையும் சேர்த்த பிறகு உள்ள கணக்கு இது.

அப்படிச் சேர்த்ததால் ஊருக்கு இரண்டு முகங்கள். கிழக்கே பழைய சூளை ஊர். ஒரு குறுகிய பள்ளத்தாக்கு, அதன் நடுவே ஒரே ஒரு நீளத் தெரு, இரண்டு பக்கமும் கடைகளும் வீடுகளும், வீட்டின் கொல்லைக்குப் பின்னாலேயே மலைச்சரிவு. மேற்கே வயல், மாட்டுப் பண்ணை, பழத்தோட்டம். அங்கே தாகே என்ற பகுதியில் கல்லை அடுக்கிக் கரை கட்டிய படிக்கட்டு வயல்கள் இருக்கின்றன. 1999-ல் நாட்டின் சிறந்த நூறு படிவயல்களில் ஒன்றாக அரசு அதைத் தேர்ந்தெடுத்தது. பீங்கானைப் பார்க்கப் போகிறவர்கள் யாரும் மேற்குப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

கிழக்கே பீங்கான் ஊர் அந்த இடத்தில் உட்கார்ந்ததற்குக் காரணம் நிலஅமைப்பு. பீங்கானுக்கு ஏற்ற கல் மலையிலேயே கிடைத்தது. சூளை எரிக்கப் பைன் மரம் சுற்றிலும் இருந்தது. சரிவான நிலம் சூளைக்கு வசதியாக இருந்தது. அந்தக் காலத்துச் சூளை மலைச்சரிவில் அறை அறையாக மேலேறும். அடியில் மூட்டும் தீ ஒவ்வோர் அறையாக ஏறி மேலே போகும். கீழ் அறையில் பயன்பட்ட வெப்பமே அடுத்த அறையையும் சூடாக்கிவிடும் என்பதால் விறகு மிச்சம்.

அப்புறம் ஓடைகள். கல்லைப் பொடியாக்க அங்கே ஆட்கள் உலக்கை பிடிக்கவில்லை, தண்ணீரை விட்டுக் குத்த வைத்தார்கள். ஒரு நீள மரக்கட்டையை நடுவில் அச்சு கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். ஒரு முனையில் குடைந்த தொட்டி, மறு முனையில் உலக்கை. ஓடைநீர் தொட்டியில் நிறைந்ததும் அந்தப் பக்கம் தாழும், தண்ணீர் கொட்டிப் போகும், உலக்கை தடாலென்று கல்லின் மேல் விழும். இரவும் பகலும் இப்படியே. சம்பளம் கேட்காத வேலையாள்.

கேள்வி: பீங்கானுக்கு ஏற்ற மண் ஜப்பானில் அங்கே மட்டும்தான் இருந்ததா?
– புவியியல் பட்டதாரி, கரூர்

முதலில் ஒரு திருத்தம். அது மண் இல்லை, கல். இசுமியாமா என்ற மலை முழுவதும் எரிமலைப் பாறை. பூமிக்கடியிலிருந்து வந்த வெந்நீர் பல காலம் ஊறி ஊறி அந்தப் பாறையின் குணத்தை மாற்றிவிட்டது. பொடித்து, நீரில் கரைத்து, கசடு நீக்கி, வண்டலை எடுத்தால் அதுவே பீங்கானுக்குப் பிசையத் தயார். சீனாவின் ஜிங்தெசென் நகரத்தில் இரண்டு வகைப் பொருளைக் கலந்துதான் பிசைவார்கள். அரித்தாவில் ஒரே கல் போதும். இது லேசான விஷயம் இல்லை. ஜப்பானில் அதுவரை மண்பாண்டம் உண்டு, பீங்கான் கிடையாது. நாட்டின் முதல் பீங்கான் இந்தப் பள்ளத்தாக்கில்தான் வெந்தது.

இப்போது அங்கே போனால் மலை இருக்காது. மலை இருந்த இடத்தில் அகலமான பெரும் பள்ளம், சுற்றிலும் பழுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு விழுந்த பாறைச் சுவர்கள், அங்கங்கே சுரங்க வாய்கள். நானூறு வருஷத்தில் ஒரு மலையையே பாத்திரமாக்கிவிட்டோம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்க்கும்போது அது மிகையாகத் தோன்றவில்லை.

இன்றைய அரித்தாப் பீங்கானில் பெரும்பகுதி அந்த மலைக் கல்லில் செய்தது இல்லை. மெய்ஜி காலத்திலிருந்தே (1868–1912) குமாமோட்டோ மாகாணத்தின் அமாகுசா தீவுக் கல் வரத் தொடங்கிவிட்டது. இசுமியாமா கல்லில் கொஞ்சம் இரும்பு உண்டு. வெந்து வந்தால் லேசாகச் சாம்பல் படரும், வளைக்கவும் அடம் பிடிக்கும். அமாகுசா கல் வெள்ளை வெளேரென்று வரும், கைக்கும் அடங்கும். முன்பு படகில் ஷியோத்தா ஆற்றுத் துறைக்கு வந்து இறங்கிய கல் அது. இப்போதும் அந்த ஷியோத்தாப் பகுதியில்தான் களிமண் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் அது அரித்தாப் பீங்கான்தானா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம் என்பதே என் கருத்து. கல் வெளியிலிருந்து வரலாம். அந்தக் கல்லை என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆனாலும் பழைய இசுமியாமா தட்டின் அந்தச் சாம்பல் வெள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டால், புதிய தட்டுகளின் வெள்ளை கொஞ்சம் கூடுதலாகவே வெள்ளையாகத் தெரியும்.

கேள்வி: கொரியாவிலிருந்து குயவர்களைப் பிடித்து வந்து தொடங்கிய தொழில் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை விரிவாகச் சொல்ல முடியுமா? அந்த ஊர் இதை ஒப்புக்கொள்கிறதா?
– வரலாற்று ஆசிரியை, ஈரோடு

ஒரு வரியில் கடந்து போகக் கூடாத விஷயம்தான் அது. கேட்டதற்கு நன்றி.

1592 முதல் 1598 வரை, ஜப்பானைத் தன் கைக்குள் வைத்திருந்த தொயொதோமி ஹிதெயோஷியின் படை கொரியாவைத் தாக்கியது. படை திரும்பியபோது மேற்கு ஜப்பானின் பிரபுக்கள் பலர் கொரியக் குயவர்களைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். சாகாவை ஆண்ட நபேஷிமா நாவோஷிகேயும் அவர்களில் ஒருவர். அப்படி வந்தவர்களில் ஒருவர் யீ சாம்-ப்யோங். ஜப்பானில் அவருக்கு வைத்த பெயர் கனகாயெ சான்பெய். 1616-ல் இசுமியாமாவில் அவர் கல்லைக் கண்டுபிடித்தார் என்பது ஊர் மரபு. பழைய சூளைகளைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள் வேறு ஒன்றும் சொல்கிறார்கள். ஊரின் மேற்குப் பகுதிச் சூளைகளில் அதே 1610-களில், மண்பாண்டம் சுட்ட சூளைகளிலேயே பீங்கானும் சேர்ந்து வெந்திருக்கிறது. ஆக, ஒரே மனிதர் ஒரே நாளில் கண்டுபிடித்ததாகக் கொள்ள முடியாது. பல கைகள் சில வருஷங்கள் முயன்று பிடித்த வித்தை.

எனக்கு அதிகம் மனதில் நிற்பவர் பேக் பா-சொன் என்ற பெண்மணி. பக்கத்துத் தாகெயோ பகுதியில் கணவரோடு சூளை நடத்தியவர். கணவர் இறந்த பிறகு தன் கூட்டத்தார் சுமார் 900 பேரை அழைத்துக்கொண்டு அரித்தாவுக்கு வந்து ஹியெகோபா என்ற இடத்தில் குடியேறினார். 1656-ல் 96 வயதில் இறந்தார் என்று சொல்கிறார்கள். வழித்தோன்றல்கள் நிறுத்திய நினைவுக்கல் ஹோவோன்ஜி கோயிலில் இருக்கிறது. வேற்று நாட்டில், கைதிகளாக வந்த மக்களுக்கு ஒரு விதவை தலைமை தாங்கி ஒரு தொழிலையே நிலைநிறுத்தினார். இந்த ஊரின் கதையை யார் எழுதினாலும் அவருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

அடுத்து நடந்தது இன்னொரு திருப்பம். குயவர்கள் பெருகப் பெருகக் காடு அழிந்தது. 1637-ல் நபேஷிமா அரசு அரித்தா, இமாரிப் பகுதியிலிருந்து 826 ஜப்பானியக் குயவர்களை வெளியேற்றியது. பல சூளைகளை மூடி, அரித்தாவில் 13 இடங்களில் மட்டும் தொழிலை ஒன்றுதிரட்டியது. சொன்ன காரணம் காட்டைக் காப்பது. விளைவு என்னவென்றால், கொரியக் குடும்பங்களிடம் இருந்த பீங்கான் தொழில் மட்டும் அரசின் முழுக் கண்காணிப்பில் தங்கியது. 1647-ல் இதற்கென்றே தனி அதிகாரி வந்தார். ஊருக்குள் நுழையும் வழிகளில் காவல் சாவடி. இன்று நாம் பார்க்கும் நெருக்கமான அரித்தா அப்படி உருவானதுதான்.

ஊர் ஒப்புக்கொள்கிறதா? ஒப்புக்கொள்கிறது. ஊர்க்கோயிலான தோசான் ஆலயத்தில் சக்கரவர்த்தி ஓஜினோடு, பிரபு நாவோஷிகேயையும் யீ சாம்-ப்யோங்கையும் சேர்த்தே வழிபடுகிறார்கள். கொண்டுவந்தவரும் கொண்டுவரப்பட்டவரும் ஒரே சன்னதியில்! கோயிலுக்கு மேலே மலையுச்சியில் யீக்கு நினைவுத்தூண் நிற்கிறது. அதை நிறுத்திய வருஷம் 1917 என்பதையும் கவனியுங்கள். அப்போது கொரியாவே ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்தத் தூணின் முன் நிற்கும்போது மரியாதையும் சங்கடமும் சேர்ந்தே வந்தன எனக்கு. ஒருவர் பெயர் கல்லில் இருக்கிறது. மற்ற நூற்றுக்கணக்கானவர்களின் கைத்தடம் பழைய சூளைகளுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும் ஓட்டுச்சில்லுகளில்தான் இருக்கிறது.

கேள்வி: ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் "இமாரி" என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அது வேறு ஊர்ப் பீங்கானா?
– சுற்றுலா வழிகாட்டி, புதுச்சேரி

பழையது என்றால் பெரும்பாலும் அரித்தாவில் செய்ததுதான். வடக்கே சுமார் 12 கிலோமீட்டரில் இமாரித் துறைமுகம். அங்கேயிருந்து கப்பல் ஏறியதால் துறைமுகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1897-ல் அரித்தாவுக்கு ரயில் வந்து, சரக்கு நேரே வண்டி ஏறத் தொடங்கிய பிறகுதான் ஊர் தன் பெயரிலேயே விற்றது.

ஐரோப்பாவுக்குப் போன கதை சீனாவில் தொடங்குகிறது. மிங் ஆட்சி சரிந்து சிங் ஆட்சி வந்த குழப்பத்தில் சீனப் பீங்கான் வரத்து நின்றுபோனது. நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா தீவில் இருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரித்தா பக்கம் திரும்பியது. 1659-ல் ஒரே தடவையில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட உருப்படிகளுக்கு ஆர்டர் வந்தது. மலை இடுக்கில் இருந்த ஒரு கிராமத்துக்கு அது எப்பேர்ப்பட்ட எண்ணிக்கை! பாத்திரம் சுடத் தெரிந்த அத்தனை பேரும் இரவு பகலாக உழைத்திருப்பார்கள்.

ஜெர்மனியின் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் இந்தப் பீங்கான் மேல் பித்தாக இருந்தார். அவர் சேர்த்தவை டிரெஸ்டன் நகரத்தில் இன்றும் இருக்கின்றன. தானே செய்துவிட வேண்டும் என்ற ஆசையில் 1710-ல் மைசென் ஆலையைத் தொடங்கினார். அங்கே, அரித்தாவின் புகழ்பெற்ற சூளைக் குடும்பமான காகியெமோனின் பாணிப் பூக்களையும் பறவைகளையும் அப்படியே வரைந்து பழகினார்கள். 1979-ல் மைசெனும் அரித்தாவும் சகோதர நகரங்களாயின.

1680-களில் சீனா மறுபடி சந்தைக்கு வந்ததும் அரித்தாவின் ஏற்றுமதி இறங்குமுகமாயிற்று. 1757-ல் டச்சுக் கம்பெனியின் அதிகாரபூர்வ வியாபாரம் முடிந்தது. அதன் பிறகு உள்நாட்டு வீடுகளையும் உணவு விடுதிகளையும் நம்பி ஊர் ஓடியது.

கேள்வி: ஒரு தட்டு செய்ய எத்தனை பேர் கை வைப்பார்கள்? எல்லாம் ஒரே பட்டறையில் நடக்குமா?
– கைவினைக் கடைக்காரர், தஞ்சாவூர்

அரித்தாவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி இல்லை. ஒரே பட்டறையில் எல்லாம் நடப்பது குறைவு. ஊர் முழுவதும் சேர்ந்துதான் ஒரு தொழிற்சாலை.

களிமண் தயாரிப்பவர் ஒருவர். அச்சு செய்பவர் ஒருவர். அந்த அச்சில் மண்ணை ஊற்றியோ அழுத்தியோ பச்சைப் பாத்திரம் செய்து கொடுப்பவர் ஒருவர். வாங்கிச் சுட்டு, நீலம் தீட்டி, கண்ணாடிப் பூச்சு கொடுத்து மறுபடி சுடுபவர் சூளைக்காரர். மேலே சிவப்பு, பச்சை, தங்கம் தீட்டுபவர் வேறு. விற்பவர் வேறு. இந்தப் பிரிவினை பழையது. நபேஷிமா அரசு வண்ணம் தீட்டும் வீடுகளை ஒரே தெருவில் குடிவைத்து, அனுமதியை முதலில் 11 வீடுகளுக்கும் பிறகு 16 வீடுகளுக்கும் மட்டுமே கொடுத்தது. வண்ணக் கலவையின் ரகசியம் வாரிசு ஒருவருக்குத்தான் போகும். அகாயெ-மாச்சி என்ற அந்தத் தெரு இன்றும் உண்டு. அங்கேயிருக்கும் இமாயெமோன் குடும்பம் இன்றும் அதே தொழிலில்தான் இருக்கிறது.

ஒரு கட்டத்தை மட்டும் கிட்டத்தில் சொல்கிறேன். சுமார் 900 டிகிரியில் ஒரு சுற்று சுட்டெடுத்த தட்டு தண்ணீரை அப்படியே உறிஞ்சும். அதன் மேல்தான் கோபால்ட் நீலத்தில் வரைய வேண்டும். ஒருவர் மெல்லிய தூரிகையால் கோடு இழுத்து வைத்துவிடுவார். கோட்டுக்குள் நிறம் நிரப்புவது இன்னொருவர் வேலை. மரபாகப் பெண்கள் செய்வது. அதற்கான தூரிகை கட்டைவிரலைவிடப் பருமன். நீலம் கரைத்த நீரை வயிறு நிறைய ஏற்றிக்கொண்டு, விரலால் அழுத்தி அழுத்தி நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிடுவார்கள். தூரிகை தட்டைத் தொடாது, சொட்டுதான் தொடும். அந்தச் சொட்டைக் கோடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், மீந்த நீரைத் தூரிகையே திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஓர் இமைப்பொழுது நின்றால் அந்த இடம் கருத்துவிடும், அழிக்கவும் முடியாது. ஓர் அம்மா பேசிக்கொண்டே இதைச் செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குரல் ஏறி இறங்கியது, கை ஒரே சீராக ஓடியது.

பிறகு கண்ணாடிப் பூச்சில் முக்கி 1300 டிகிரி அளவில் சுடுவார்கள். தட்டு ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய சுருங்கும். அதனால்தான் அச்சு செய்பவர் முக்கியம். சுருங்கப்போகும் அளவைச் சேர்த்து அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். தீயில் தட்டின் விளிம்பு தொய்யும் என்பதால் விளிம்பை முன்கூட்டியே சற்றுத் தூக்கி வைக்க வேண்டும். எவ்வளவு தூக்க வேண்டும் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. பிளாஸ்டர் அச்சு ரொம்ப நாள் உழைக்காது. நூறு தட்டு அளவில் ஓரம் மழுங்கத் தொடங்கும், வேறு அச்சு வேண்டும்.

நான் பேசிய ஓர் அச்சுக்காரருக்கு எழுபது தாண்டியிருந்தது. பட்டறைச் சுவர் முழுக்கப் பழைய அச்சுகள், எந்தச் சூளைக்கு எது என்று பென்சிலில் குறித்து அடுக்கி வைத்திருந்தார். பிள்ளைகள் ஃபுகுவோகாவில் அலுவலக வேலை. அவரிடம் அச்சு வாங்கும் சூளைக்காரர்கள் அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்களாம். அன்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. அவர் நிறுத்தினால் பத்துச் சூளைகளின் வேலை தடுமாறும். காகியெமோன், இமாயெமோன் போன்ற பெரிய பெயர்களை உலகம் காப்பாற்றிக்கொள்ளும். பெயர் போடாத இந்த நடுக்கட்டத்து ஆட்கள் போனால் ஊரே நின்றுவிடும். அரித்தாவுக்கு உதவ நினைக்கும் யாரும் முதலில் கைகொடுக்க வேண்டியது இவர்களுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: இன்று அந்த ஊரின் பொருளாதாரம் எப்படி? இவ்வளவு புகழ் இருக்கும்போது ஏன் சிரமம்?
– வங்கி ஊழியர், மதுரை

புகழ் ஒரு பக்கம், விற்பனை ஒரு பக்கம். 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் விற்பனை உச்சத்தில் இருந்தது. அப்புறம் சரிவுதான். இன்று நடப்பது அந்த உச்சத்தில் ஒரு சிறு பங்கே.

காரணம் வாங்குபவர்கள் மாறியது. அரித்தாவின் பெரிய வாடிக்கையாளர்கள் ஜப்பானியப் பாணித் தங்கும் விடுதிகளும் உணவகங்களும். ஒரு விருந்தினருக்குப் பத்துப் பன்னிரண்டு கிண்ணம் தட்டு என்று வைத்து விருந்து போடும் வழக்கம். நிலம், பங்கு விலைகள் ஊதிப் பெருத்த பொருளாதாரக் குமிழி உடைந்ததும் கம்பெனி விருந்துகள் குறைந்தன, விடுதிகள் மூடின. கல்யாணத்துக்குப் பீங்கான் செட் பரிசளிக்கும் பழக்கமும் தேய்ந்தது. வீடுகள் சின்னதாயின, மலிவு இறக்குமதித் தட்டுகள் வந்தன.

இன்னொன்றும் நடந்தது. எல்லைக்கு அப்பால் நாகசாகி மாகாணத்தில் ஹசாமி என்ற ஊர் இருக்கிறது. அன்றாடப் பாத்திரங்களை ஏராளமாகச் செய்யும் ஊர். நெடுங்காலம் அதன் சரக்கும் அரித்தா என்ற பெயரிலேயே விற்றது. 2000-க்குப் பிறகு எந்த ஊர்ச் சரக்கு என்பதைச் சரியாகச் சொல்லும் கட்டாயம் கடுமையானதும் ஹசாமி தன் பெயரில் நிற்க வேண்டி வந்தது. எளிய வடிவம், மெல்லிய நிறம், நியாயமான விலை என்று இளைஞர்களைப் பிடித்துவிட்டது. பெரிய பெயர் இல்லாதது அவர்களுக்கு வசதியாகவே அமைந்தது என்று நினைக்கிறேன்.

அரித்தாவும் சும்மா இல்லை. 2016-ல் நானூறாம் ஆண்டையொட்டி வெளிநாட்டு வடிவமைப்பாளர்களை அழைத்து வந்து உள்ளூர்ச் சூளைகளோடு புதிய வரிசைகள் செய்தார்கள். தட்டும் கிண்ணமும் மட்டுமே பீங்கான் இல்லை என்பதையும் இந்த ஊர் எப்போதோ தெரிந்து வைத்திருந்தது. 1870-ஐ ஒட்டித் தந்திக் கம்பங்களில் மின்சாரம் கசியாமல் கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ்களை ஃபுகாகாவா குடும்பம் இங்கே செய்தது. அந்தக் குடும்பம் வளர்த்த கோரான்ஷா கம்பெனி இன்றும் அழகுப் பாத்திரங்களோடு மின்கம்பிக் குமிழ்களையும் செய்கிறது. அமிலம் அரிக்காத தொழிற்சாலைப் பீங்கான் செய்பவர்களும் ஊரில் உண்டு. கண்ணில் படாத இந்தச் சரக்குதான் பல வீடுகளுக்குச் சம்பளம்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் நிரம்பி வழியும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை பீங்கான் சந்தை. 1896-ல் ஒரு கண்காட்சியாகத் தொடங்கியது. பழுதுபட்ட, மீந்த சரக்கை மலிவாகத் தள்ளிவிடும் விற்பனை பின்னால் சேர்ந்தது, அதுவே பெரிதாகிவிட்டது. நாலு கிலோமீட்டர் தெருவில் நானூறுக்கு மேல் கடைகள். அந்த ஏழு நாளில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வந்து போவார்கள்.

கேள்வி: தெருவில் இருக்கும் பழைய வீடுகள் நானூறு வருஷத்தவையா?
– கட்டடக்கலை மாணவி, கோயம்புத்தூர்

இல்லை. 1828-ல் கியூஷூவைக் கொடும் சூறாவளி தாக்கியது. சூளைத் தீ பரவி ஊரின் மையப்பகுதி கிட்டத்தட்ட முழுதும் எரிந்துபோனது. இன்று இருப்பவை அதற்குப் பிறகு கட்டியவை. தீ பிடிக்காமல் இருக்க மரச்சட்டத்தை வெளியே தெரியாதபடி கனமான சுண்ணக்காரை பூசி மறைத்த வீடுகளை அங்கே நிறையப் பார்க்கலாம். இசுமியாமா பக்கம் சுமார் ஆயிரம் வயது என்று சொல்லும் ஒரு கிங்கோ மரம் நிற்கிறது. அன்றைய தீயிலிருந்து தன் அடியில் இருந்த வீட்டை அந்த மரம் காத்தது என்று ஊரில் சொல்வார்கள்.

பின்தெருவுக்கும் போய்ப் பாருங்கள். பழைய சூளையை இடித்த செங்கல், உடைந்த சூளைத் தாங்கிகள், எல்லாவற்றையும் செம்மண் வைத்து அடுக்கிய சுவர்கள் நீளமாகப் போகும். சில கற்களில் தீயில் உருகிய பச்சைக் கண்ணாடிப் படலம் வெயிலில் மின்னும். கட்டடக்கலை படிக்கிற உங்களுக்கு முன்தெருவைவிட இது பிடிக்கும்.

கேள்வி: அங்கே சாப்பாடு எப்படி? சைவம் கிடைக்குமா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

ஊரின் தனிச் சரக்கு கோதோஃபு. சோயாப் பாலில் மாவு சேர்த்துக் கிளறிக் கெட்டியாக்குவது. சாதாரண டோஃபு மாதிரி உதிராது, வழவழவென்று இழுபடும். மேலே ஊற்றும் சாறில் மீன் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தில் அரித்தாக் கிண்ணத்திலேயே கறி சாதம் போட்டு விற்கிறார்கள். அதில் இறைச்சி உண்டு. கிண்ணத்தை நாமே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரே ஒரு நாள் கிடைக்கிறது. எப்போது போவது, எதைப் பார்ப்பது?
– மென்பொருள் பொறியாளர், தற்போது ஒசாகா

மலிவாக வாங்க வேண்டும் என்றால் சந்தைக்குப் போங்கள். ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த வாரத்தைத் தவிர எப்போது வேண்டுமானாலும் போங்கள். நவம்பர் பிற்பகுதியில் அந்தக் கிங்கோ மரம் மஞ்சளாகிவிடும்; என்னைக் கேட்டால் அப்போதுதான்.

அரித்தா நிலையத்துக்கு ஒரு நிலையம் முன்னாலேயே காமி-அரித்தா வரும். சாதாரண ரயிலில் வந்து அங்கே இறங்கிவிடுங்கள். முதலில் மேலே ஏறி இசுமியாமா பள்ளத்தைப் பாருங்கள். கல்லைப் பார்த்த பிறகுதான் பாத்திரம் புரியும். அங்கிருந்து தெரு வழியே இறக்கமாகவே நடக்கலாம். நடுவில் தோசான் ஆலயம். கோயிலுக்கு ஏறும் வழியின் குறுக்கே தண்டவாளம் போகிறது, இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து செல்லுங்கள். மேலே இருக்கும் தோரணவாயில் 1888-ல் செய்தது, முழுதும் பீங்கான். வெள்ளைத் தூணில் நீலக் கொடி சுருண்டு சுருண்டு ஏறும். இவ்வளவு பெரிய துண்டுகளைக் கோணாமல் சுட்டு எடுத்ததை அச்சுக்காரரின் கண்ணோடு பாருங்கள்.

மாலையில் அரித்தா நிலையத்துக்கு அருகே மேட்டில் இருக்கும் கியூஷூ பீங்கான் அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. ஷிபாதா தம்பதியர் கொடுத்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உருப்படிகளின் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. ஒரே இடத்தில் நின்று, எந்தப் பத்தாண்டில் வெள்ளை எப்படி மாறியது, நீலம் எப்போது தெளிந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அன்றைக்கு மட்டும் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.